இலங்கையின் வன்னிக் கிராமமொன்றின் வறுமையில் உலகமயமாக்கலின் பங்கை ஆராய்வது எப்படி?

உலகமயமாக்கல் ஏழைகளை வாழவைத்ததா, வதைத்ததா என்ற கேள்வியோடு ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் மேம்போக்கான பதில்தான் கிடைக்கும். உயர்தர மாணவரோ கிராம அபிவிருத்திச் சங்கத்தினரோ, அந்த ஊர் விற்கும் ஒரு பொருளையும் வாங்கும் ஒரு பொருளையும் தெரிந்தெடுத்து, அவற்றின் விலையை எது தீர்மானிக்கிறது என்று தேடிச்செல்வதே நல்லது.

விற்கும் பொருளுக்குச் செத்தல் மிளகாயை (காய்ந்த மிளகாயை) எடுத்துக்கொள்ளுங்கள். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. யாழ்ப்பாணத்து இளைஞர்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டித் தோட்டம் செய்தார்கள். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இறக்குமதி மிளகாய் வந்து அந்த விலையை உடைத்தது. மூத்த கமக்காரரிடம் அக்காலத்து விலையை மட்டும் கேட்காமல், மிளகாய்க் காசில் கல்வீடு கட்டினாரா, நீரிறைக்கும் இயந்திரம் வாங்கினாரா, விலை விழுந்தபின் எந்தப் பயிருக்கு மாறினார் என்றும் கேளுங்கள். மிளகாயைக் கடையில் வாங்கிச் சமைத்த கூலிக் குடும்பத்துக்கு அதே இறக்குமதி நன்மையாக இருந்திருக்கலாம். ஆகவே காணியில்லாதவர் வீட்டிலும் கேட்பது கட்டாயம்.

வாங்கும் பொருள் யூரியாவாக இருக்கட்டும். இங்கே காரணங்களைப் பிரிப்பதில் மிகுந்த கவனம் தேவை. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது அரசின் முடிவு. அதை உலகச் சந்தையின் தலையில் கட்டக்கூடாது. 2022 இல் உலகெங்கும் யூரியா விலை உயர்ந்திருந்ததற்கு இயற்கை எரிவாயுவின் விலையும் உக்ரேன் போரும் பெரும் காரணங்கள். அதே ஆண்டு, 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது, நாடு அந்நியச் செலாவணியின்றித் தவித்ததால். இத்தனையும் ஒரே பசளைப் பையின் விலையில் கலந்திருக்கின்றன. உள்நாட்டுப் போரின் இழப்பைத் தனி நிரலில் எழுதுங்கள்: 2009 இல் உழவு இயந்திரத்தையும் மாடுகளையும் பறிகொடுத்த குடும்பத்தின் வறுமைக்கு வர்த்தகக் கொள்கையை மட்டும் காரணம் காட்டுவது அக்குடும்பத்துக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

உலகமயமாக்கலால் வரும் ஆடைத் தொழிற்சாலைச் சம்பளத்தையும் வெளிநாட்டுக் காசையும் வரவில் சேர்த்து, அவை இரண்டும் இல்லாத வீடுகளைத் தனியே குறியுங்கள்.

பிறகு புள்ளிவிபரம். 2016 இல் நாட்டின் வறுமை வீதம் 4.1 சதவீதமாக இருந்தபோது வன்னியின் கிளிநொச்சி மாவட்டத்தில் 18.2 சதவீதமாக இருந்தது. தேசிய சராசரியை வைத்து வன்னியைப் பேச முடியாது. 2019 இல் தேசிய வீதம் 14.3 சதவீதம் எனப்பட்டது, ஆனால் இடையில் வறுமைக் கோடே (எவரை ஏழை என்று கணக்கிடும் எல்லை) திருத்தப்பட்டதால் 4.1, 14.3 என்ற அந்த இரு தேசிய எண்களையும் ஒரே வரைபடத்தில் இடாதீர்கள்.