ரஸ்ட்: பிங்கைப் பார்க்கும் முன் வைப் தேதியைப் பாருங்கள்

ரஸ்ட் என்ற ஆன்லைன் சர்வைவல் கேம் விளையாட சர்வர் தேடும்போது, கடைசியாக வைப் (எல்லாம் அழிக்கப்பட்டு ஆட்டம் புதிதாகத் தொடங்குவது) ஆகி ஒரு நாள்கூட ஆகாத சர்வராகப் பார்த்து ஏறுங்கள். பேட்டில்மெட்ரிக்ஸ் தளத்தில் சர்வர் பெயரைத் தேடினால் கடைசி வைப் நேரமும், எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்ற வரைபடமும் கிடைக்கும். அந்த வரைபடத்தில் நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்தை மட்டும் கவனியுங்கள். வைப் அன்று எல்லா சர்வரும் திருவிழாக் கூட்டம்தான். நாலாம் நாள் இரவில் எத்தனை பேர் மிச்சம் என்பதே உண்மையான கணக்கு.

வைப் ஆனதும் பழைய ஆட்களும் கையில் கல்லும் டார்ச்சுமாகக் கடற்கரையில்தான் எழுவார்கள். மூன்று நாள் கழித்துப் போனால் எதிரே ஏகே துப்பாக்கியும் சி4 வெடிகுண்டும் நிற்கும், உங்கள் மரக்கதவு ஓர் இரவுகூடத் தாங்காது. ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை வரும் அப்டேட்டோடு எல்லா சர்வரிலும் வைப் கட்டாயம் என்பதால், தொடங்க அதுவே நல்ல நாள். ஆனால் மேப் வைப் மட்டும் என்றால் பழையவர்களிடம் புளூபிரிண்ட் (கற்றுவைத்த பொருள் செய்முறைகள்) அப்படியே இருக்கும். தனியாளாக இருந்தால் சோலோ, டியோ (ஒருவர், இருவர்) வரம்புள்ள சர்வரே உத்தமம்.

ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தாக்காத பிவிஇ சர்வருக்கு இதெல்லாம் வேண்டாம். வார இறுதியில் மட்டும் ஆடுபவருக்கு வியாழன் வைப் பாதிதான் பயன்படும். வெள்ளிக்கிழமை வைப் ஆகும், ஆட்டக்காரர்களே நடத்தும் கம்யூனிட்டி சர்வரைத் தேடுங்கள். பிங் (சர்வரோடு தொடர்புகொள்ள ஆகும் தாமதம்) 150 மில்லி விநாடியைத் தாண்டினால் எவ்வளவு புது சர்வராக இருந்தாலும் விட்டுவிடலாம்.