புருவத்துக்கு நிறம் குத்தினால் முதல் பத்து நாள் கவனம்

நிரந்தர மேக்கப் என்றாலும், ஊசியால் தோலுக்குள் நிறம் ஏற்றுவதுதானே. அதனால் அதைக் காயமாகவே நினைத்துப் பாருங்கோ.

எங்கட வன்னியில் பெரிய எதிரி வெயிலும் புழுதியும்தான். சோளகம் வீசும் நாளில் கிறவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போனால் முகமெல்லாம் செம்மண். முதல் பத்து நாள் அந்த ஓட்டத்தைக் குறையுங்கோ. குளத்தில் முழுக்கு வேண்டாம். கிணற்றில் அள்ளி ஊற்றும்போதும் தண்ணீர் கழுத்துக்குக் கீழேயே நிற்கட்டும். கொதித்தாறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். செய்தவர் தந்த களிம்பை மெல்லிசாகப் பூசுங்கோ. மஞ்சள், சந்தனம், தேங்காயெண்ணெய் எதுவும் புருவத்தில் படக்கூடாது. அம்மம்மா சொன்னாலும்தான்!

நாலு, ஐந்து நாளில் பொருக்குக் கட்டிக் கடிக்கும். என்ர மச்சாள் அதை நகத்தால் உரித்தாள். வலது புருவ நடுவில் அரிசியளவு வெள்ளை விழுந்துவிட்டது. பொருக்குத் தானாக உதிரட்டும். முதலில் கரிபோல் தெரியும் நிறம் பிறகு இளகும், பயப்படாதையுங்கோ.

ஆறு வாரமளவில், நிறம் விட்டுப்போன இடங்களை நிரப்பும் திருத்த வேலை இருக்கும். கல்யாணப் பெண்கள் இரண்டு மாதம் முன்னமே செய்துவிடுங்கோ. ஆறிய பிறகு சன்ஸ்கிரீன் பூசினால் நிறம் நிற்கும்.

வீக்கம் கூடினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் காய்ந்தாலோ சலூனுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கே போங்கோ.