விலை குறைந்த .22 ரைபிள்: துல்லியம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலை குறைந்த .22 லாங் ரைபிள் ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் உதிரிபாகங்களைத்தான் தேடுகிறார்கள். புதுக் குழல், புது டிரிகர், புதுக் கட்டை (தோளில் வைக்கும் மர அல்லது பிளாஸ்டிக் பகுதி) என்று பணம் கரைகிறது. இலக்கு அட்டையில் துளைகள் மட்டும் பழையபடியே சிதறிக் கிடக்கின்றன. எதை மாற்ற வேண்டும் என்று தெரிவதற்கு முன்பே மாற்றத் தொடங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் அளவெடுக்க வேண்டும். மூன்று தோட்டா சுட்டு, மூன்று துளைகளும் ஒட்டிக்கொண்டிருந்தால் ‘அரை அங்குலத் துப்பாக்கி’ என்று பெருமைப்படுவது வழக்கம். மூன்று துளைகள் தற்செயலாகவும் ஒட்டும். அடுத்த மூன்று அகலமாகத் திறக்கும். 50 கெஜத்தில், முன்னும் பின்னும் மணல் பையில் தாங்கி, ஐந்து தோட்டா கொண்ட குரூப் (ஒரே இலக்கில் விழும் துளைக் கூட்டம்) ஐந்து சுட்டு, அவற்றின் அகலத்துக்குச் சராசரி எடுங்கள். ‘அது என் கை நடுங்கியது’ என்று சொல்லி ஓரமாகப் போன துளையைக் கணக்கில் இருந்து நீக்காதீர்கள். அட்டைகளில் தேதி, தோட்டாவின் பெயர், லாட் எண் (தோட்டா தயாரான தொகுதியின் எண்) எல்லாம் எழுதி வையுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிரிகரையும் ஸ்கோப்பையும் ஒரே நாளில் மாற்றினால், குரூப் சுருங்கினாலும் எதனால் சுருங்கியது என்று தெரியாது.

தோட்டாவை விட்டுவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்வது

இங்கேதான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்க விளிம்புக்குள் பரவியிருக்கும். தொழிற்சாலையில் அது விளிம்பைச் சுற்றி எவ்வளவு சீராகப் படிந்தது, உள்ளே எவ்வளவு வெடிமருந்து விழுந்தது, குண்டு எப்படி அமர்ந்தது என்பதில் எதையும் நாம் சரிசெய்ய முடியாது. பெரிய காலிபர் சுடுபவர்கள் தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றபடி வீட்டிலேயே தோட்டா தயாரித்துக்கொள்கிறார்கள். ரிம்ஃபயரில் அந்த வழி நடைமுறையில் கிடையாது. தேர்ந்தெடுக்க மட்டுமே முடியும். ஆகவே தேர்ந்தெடுப்பதுதான் இங்கே டியூனிங்கில் பாதி வேலை.

மலிவான மொத்தப் பெட்டித் தோட்டாக்களை மட்டும் சுட்டுவிட்டு, ‘குழல் சரியில்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். நான்கைந்து வகை வாங்கிப் பாருங்கள். அதில் ஒன்றிரண்டாவது 40 கிரெயின் (குண்டின் எடை அளவு) ஸ்டாண்டர்ட் வேகத் தோட்டாவாக இருக்கட்டும். ஒன்று போட்டித் தரத் தோட்டாவாக இருக்கட்டும். விலை உயர்ந்ததுதான் உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்று நிச்சயமில்லை. ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு துப்பாக்கிகள்கூட வேறு வேறு தோட்டாவை விரும்பும்.

வேகம் கூடினால் துல்லியமும் கூடும் என்ற நம்பிக்கை இதில் இன்னொரு பொறி. ஒலியின் வேகம் சாதாரண வெப்பநிலையில் வினாடிக்கு ஏறத்தாழ 1125 அடி. சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் போன்ற தோட்டா 1070 அடியில் கிளம்புகிறது, அதாவது தொடக்கத்திலிருந்தே ஒலிக்குக் கீழே. ஹை வெலாசிட்டி வகைகள் 1250 அடியை ஒட்டிக் கிளம்பி, 100 கெஜம் எட்டுவதற்குள் ஒலியின் வேகத்தைக் கடந்து கீழே இறங்கிவிடுகின்றன. அந்த எல்லையை ஒட்டிய இடத்தில் காற்றின் எதிர்ப்பு கடுமையாக இருக்கும். பக்கக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பது, எதிர்ப்பினால் குண்டு எவ்வளவு நேரத்தை இழக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் வேகமான தோட்டாவைத்தான் காற்று அதிகம் ஒதுக்குகிறது. முதலில் கேட்கும்போது நம்ப முடியாது. காற்று வீசும் ஒரு நாளில் இரண்டையும் அருகருகே சுட்டால் புரியும்.

தோட்டா மாற்றும்போது பலர் கவனிக்காத ஒன்று உண்டு. .22 குண்டு பெரும்பாலும் மெழுகு பூசிய மென்மையான ஈயம். குழலுக்குள் அந்த மெழுகு ஒரு படலமாகப் படிகிறது. வேறு வகைக்கு மாறினால் புதுப் படலம் படிய பத்து, இருபது தோட்டாக்கள் ஆகும். மாறிய உடனே முதல் ஐந்தைச் சுட்டு அந்த வகையை ஒதுக்கிவிடுவது அநியாயம். பிடித்த தோட்டா கிடைத்துவிட்டால், அதே லாட் எண்ணில் முடிந்த அளவு வாங்கி வையுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் குணமும் மாறும்.

திருகுகள்

காசு செலவில்லாத முன்னேற்றம் இங்கேதான் கிடைக்கிறது. ஆக்‌ஷனையும் (தோட்டாவை ஏற்றிச் சுடும் உலோக உடல்) கட்டையையும் இணைக்கும் திருகுகள் தளர்ந்திருந்தால் குரூப் அலையும். கைக்கு வந்தபடி இறுக்கினால் மலிவான பிளாஸ்டிக் கட்டை வளையும், மரம் நசுங்கும், ஆக்‌ஷனும் லேசாக முறுக்கிக்கொள்ளும். அங்குல-பவுண்டு காட்டும் சிறிய டார்க் ஸ்பேனர் ஒன்று வாங்குங்கள். துப்பாக்கிக்கான கையேடு சொல்லும் அளவில் தொடங்கி, அந்த வரம்புக்குள் சிறிது சிறிதாக மாற்றிச் சுட்டுப் பாருங்கள். நல்ல அளவு கிடைத்ததும் எழுதி வையுங்கள், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அதே எண்ணுக்கு வாருங்கள்.

குழல் கட்டையைத் தொடாமல் மிதக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் சரி. ஒரு தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையில் நுழைத்து இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் முன்கட்டையில் பைபாட் (இருகால் தாங்கி) மாட்டி அழுத்தினால், சும்மா இருக்கும்போது மிதந்த குழல் சுடும்போது தொடும். எனவே தாள் சோதனையைச் சுடும் நிலையிலேயே செய்யுங்கள். இதற்கு விதிவிலக்கும் உண்டு. 1964 முதல் வரும் ரூகர் 10/22-இல் குழலை அலுமினிய உடலோடு பிடிப்பது ஒரு வி-வடிவப் பிடித்துண்டும் இரண்டு திருகுகளும்தான். உடலைக் கட்டையோடு பிடிப்பது ஒரே ஒரு திருகு. அங்கே கனமான குழலை முழுக்க மிதக்கவிட்டால் அதன் எடை அந்த இணைப்பின்மேல் தொங்கும். அப்படிப்பட்ட துப்பாக்கி சில நேரம் முன்கட்டையில் சிறு தாங்கல் இருந்தால்தான் நன்றாகச் சுடும். அதனால் அரத்தை எடுப்பதற்கு முன், அட்டைத் துண்டு ஒன்றை வைத்தும் எடுத்தும் சுட்டுப் பாருங்கள். செதுக்கிய மரம் திரும்பி வராது.

ஸ்கோப்

ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத் திருகுகளைச் சரிபார்த்த பிறகு பாரலாக்ஸை, அதாவது கண் நகரும்போது குறுக்குக் கம்பி இலக்கின் மேல் இடம் மாறுவதை, பாருங்கள். பெரிய ரைபிளுக்கான ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெஜத்துக்கோ அதற்கு மேலோ பாரலாக்ஸ் அமைத்து வருகின்றன. ரிம்ஃபயருக்கானவை பொதுவாக 50 கெஜத்தை ஒட்டி. துப்பாக்கியைப் பையில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் நகர்த்துங்கள். இலக்கின் மேல் குறுக்குக் கம்பி ஊர்ந்தால், நீங்கள் கன்னம் வைக்கும் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் குண்டும் இடம் மாறும். இதைக் குழலின் குற்றமாக நினைத்துப் புதுக் குழல் வாங்கியவர்கள் உண்டு.

டிரிகரில் அரம் போடுவது

மலிவான துப்பாக்கிகளில் கனமான, கரகரப்பான டிரிகர் உண்மையான குறைதான். ஆனால் வீடியோ பார்த்து சியர் (டிரிகர் இழுக்கும் வரை சுடும் பொறியைப் பிடித்து வைக்கும் பாகம்) முனையைத் தேய்ப்பது, ஸ்பிரிங்கை வெட்டுவது ஆகியவை இந்தக் கட்டுரையில் உள்ள தவறுகளிலேயே மிக ஆபத்தானவை. கடினப்படுத்திய மேற்பரப்பு மிக மெல்லியது. கோணம் கொஞ்சம் மாறினாலும் துப்பாக்கி தட்டினாலே சுடும். சாவேஜின் அக்யூடிரிகர் போல உற்பத்தியாளரே சரிசெய்ய வழி கொடுத்திருந்தால் அந்த எல்லைக்குள் நில்லுங்கள். இல்லையென்றால் முழு டிரிகர் தொகுதியாக மாற்றுங்கள், அல்லது துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். எந்தப் பாகத்தை மாற்றலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் உரிமம் எதை அனுமதிக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரிகரில் கை வைத்த பிறகு சோதனை கட்டாயம். மேகசினை எடுத்து, தோட்டா அமரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, காக் செய்து (சுடத் தயார் நிலைக்கு இழுத்து வைத்து), சேஃப்டி போட்டும் எடுத்தும் அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள். போல்ட்டை வேகமாக மூடியும் பாருங்கள். டிரிகரைத் தொடாமலே சுடும் பொறி ஒருமுறை விழுந்தாலும் அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடக் கூடாது.

அதிகச் சுத்தம்

ஈயக் குண்டு சுடும் குழலுக்கு ஒவ்வொரு முறையும் பித்தளைப் பிரஷ் தேவையில்லை. சுத்தம் செய்ததும் குரூப் விரிகிறதே என்று பயப்பட வேண்டாம். மெழுகுப் படலம் திரும்பப் படிந்தால் சரியாகும். கவனிக்க வேண்டியது அறையின் முன்விளிம்பில் சேரும் கரி வளையம். துண்டு துண்டாக இணைக்கும் கம்பியை வாய்ப்பக்கத்திலிருந்து நுழைத்துத் தேய்ப்பதுதான் உண்மையான சேதம். குண்டு கடைசியாகத் தொடும் இடம் குழலின் வாய். அங்கே ஒரு சிறு பள்ளம் விழுந்தாலும் குண்டு வளைந்து வெளியேறும். கைடு வைத்துப் பின்பக்கமாக நுழையுங்கள். அது முடியாத செமி-ஆட்டோவில், வாய்ப்பக்கம் தேயாமல் இழுக்கும் கயிறு இருக்கிறது.

காலி அறையில் டிரிகர் இழுத்துப் பழகுவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள். சில மாடல்களில் தோட்டாவை அடிக்கும் ஊசி அறையின் விளிம்பில் மோதி அதை நசுக்கிவிடும்.

குழல் முனையில் மாட்டும் டியூனர், விளிம்புத் தடிமன் அளக்கும் கருவி போன்றவை இதற்கெல்லாம் அப்புறம்தான். தடித்த குழல் என்பதாலேயே துல்லியம் வராது. அதன் உட்துளையும் அறையும் எப்படி வெட்டப்பட்டன என்பதுதான் கணக்கு. நல்ல தோட்டாவோடு 50 கெஜத்தில் ஓர் அங்குலச் சராசரி கொடுக்கும் மலிவு ரைபிளை நான் நல்ல ரைபிள் என்றே சொல்வேன். ஐந்து வகைத் தோட்டா, சரியான திருகு, வேறொரு ஸ்கோப் எல்லாம் பார்த்த பிறகும் இரண்டு அங்குலத்தில் நிற்கிறது என்றால் குழலை மாற்ற யோசிக்கலாம். அதற்கு முன் குழல், டிரிகர், கட்டை மூன்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள். பல நேரங்களில் அந்தத் தொகை தரமான போல்ட் ரைபிள் ஒன்றின் விலையைத் தொட்டுவிடும்.