ரிவால்வர் ஆசையா? பெங்களூரில் ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள்

இத்தாலியில் பியெட்டா, உபர்ட்டி கம்பெனிகள் செய்யும் 1851 கோல்ட் (Colt) நேவி என்ற பழைய ரிவால்வரின் நகலை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். கருமருந்தை அளந்து போட்டு, ஈயக் குண்டை உள்ளே அழுத்தி இறக்கி, பின்பக்கம் கேப் எனும் தீப்பற்றவைக்கும் சிறு மூடியை மாட்டி, புகை மண்டலத்துக்குள் நின்று சுடுவார்கள். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் அது பழம்பொருள் கணக்கு. இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி, வெடிமருந்து விசையில் குண்டைத் தள்ளும் எதுவானாலும் துப்பாக்கிதான். நகலென்று சொன்னால் எடுபடாது, லைசென்ஸ் வேண்டும். பெங்களூர் அல்சூரில் இருந்துகொண்டு அந்த ஆசையை வளர்ப்பது வீண்.

காற்றழுத்தத்தால் பெல்லட் எனும் சிறு ஈயக் குண்டைத் தள்ளும் ஏர் பிஸ்டலுக்கு வருவோம். 2016 ஆயுத விதிகளின்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரும், அதாவது .177 அங்குலம், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலும் தாண்டாவிட்டால் லைசென்ஸ் தேவையில்லை. இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும், அதனால் கடைக்காரர் அதைவிடப் பெரிய .22 குழல் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் அடையாள, முகவரிச் சான்று கொடுத்து வாங்குங்கள், பில்லைத் தொலைக்காதீர்கள். நிஜ ரிவால்வர் போலவே இருக்கும் மாடல் பார்க்க அழகுதான், ஆனால் அதைத் தெருவில் எடுத்தால் போலீசுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனாலும் கடைக்குப் போகுமுன் ஒரு ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக்கூடத்தில், சேருங்கள். போட்டித் தர பிஸ்டல் ஒரு லட்சத்தைத் தாண்டும். ரேஞ்சில் அவர்களுடையதையே கொடுத்துப் பழக்குவார்கள், கைக்கு எந்தப் பிடி பொருந்துகிறது என்றும் அப்போதுதான் தெரியும். அப்புறம் வாங்கலாம். மலிவான ஸ்பிரிங் பிஸ்டல் போதும் என்றால் சரி, ஆனால் பெல்லட் போடாமல் அதன் டிரிக்கரை இழுக்காதீர்கள், பிஸ்டன் போய் முட்டிக் கெட்டுப்போகும்.

சுடும் விதம்தான் முக்கியம். பக்கவாட்டில் நின்று ஒற்றைக் கையை நீட்டி, மறு கையைப் பாக்கெட்டில் விடுங்கள். சைட் என்பது பிஸ்டலின் மேலுள்ள குறிபார்க்கும் பகுதி; பின் சைட்டின் பள்ளத்தில் முன் சைட் நடுவில் நிற்க வேண்டும், இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம், மேல் விளிம்புகள் சமம். கண் எதைப் பார்க்க வேண்டும்? முன் சைட்டை மட்டும்! காகிதக் குறியின் கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரியட்டும். அதைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்ட நொடியில் சைட் நகர்ந்துவிடும், 10 மீட்டர் தள்ளி இருக்கும் 10 புள்ளி வளையம் வெறும் 11.5 மில்லிமீட்டர், அந்த நகர்வை அது மன்னிக்காது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, டிரிக்கரை மெதுவாக அழுத்துங்கள், சுட்ட பிறகும் கையை உடனே இறக்காதீர்கள். கை ஆடத் தொடங்கினால் சுடாமல் இறக்கிவிட்டு மறுபடி தூக்குவதில் வெட்கமே இல்லை.

காகிதக் குறிக்குத் தட்டைத் தலை பெல்லட் வாங்குங்கள், துளை சுத்தமாக விழும், புள்ளி எண்ண வசதி. பெல்லட் ஈயம், சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மொட்டை மாடியில் சுடாதீர்கள், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ குழந்தையின் கண்ணோ மாட்டலாம். பறவைகளைக் குறிவைத்தால் வனவிலங்குச் சட்டம் வேறு பாயும். ரேஞ்சுக்குப் போக மெட்ரோ உதவாது, உள்ளே விட மாட்டார்கள். பெல்லட் இல்லாமல் பெட்டியில் பூட்டி, பில் நகலோடு ஆட்டோவிலோ சொந்த வண்டியிலோ போங்கள்.