கப்பலில் போய் பினாங்கில் இறங்குகிறவர்களுக்கு

மதுரை–காரைக்குடி லைனில் 19 வருஷம் கண்டக்டர், அப்புறம் பஸ் ஸ்டாண்டில் 12 வருஷம் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி எழுதியே ரிட்டயர் ஆனவன் நான். போன வருஷம் சிங்கப்பூரில் இருக்கும் மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். நானும் வீட்டுக்காரியும் என் மச்சினனும் நாலு ராத்திரி உல்லாசக் கப்பலில் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போய்வந்தோம். வந்ததிலிருந்து பழங்காநத்தம் டீக்கடையில் ஆள் மாற்றி ஆள் விசாரிக்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் காகித வேலை. பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாசம் உயிர் இருக்க வேண்டும். கப்பல் சிங்கப்பூரில் ஏற்றி மறுபடி சிங்கப்பூரிலேயே இறக்கிவிடும். அப்படியென்றால் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள்: விமானத்தில் ஒரு தடவை, கப்பலில் ஒரு தடவை. விசா பலமுறை நுழையும் விசாவாக இருக்கிறதா என்று ஏஜெண்டிடம் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். ஒற்றை நுழைவு என்றால் கப்பலில் ஏறவே விட மாட்டார்கள். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாள் வரைக்கும் விசா இல்லாமல் விடுகிறது. இதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் சமாச்சாரம், டிக்கெட் போடுகிற வாரத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாட்டுக்கும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், இரண்டுமே இலவசம். அதற்குக் காசு கேட்கிற வெப்சைட் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

மதுரையிலிருந்து திருச்சிக்கு பஸ், திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம். கப்பல் கிளம்புகிற அன்றைக்கே போய் இறங்குகிற வேலை வேண்டாம், ஒரு நாள் முன்னாலேயே போய்விடுங்கள். இன்னொன்று, சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் நிற்கும் இடம் இரண்டு. ஹார்பர்ஃப்ரண்டில் ஒன்று, மரீனா பேயில் ஒன்று. மதுரையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டியவன் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் என்ன ஆகும்? டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு டாக்சி பிடியுங்கள்.

பெட்டியில் என்ன வைப்பது என்பதில் எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. கப்பல் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமோ என்னமோ என்று வீட்டுக்காரி ஒரு கரண்ட் கெட்டில் வைத்திருந்தாள். கப்பலில் தீக்குப் பயம் அதிகம். இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எதையும் அறைக்குள் விட மாட்டார்கள். ஸ்கேனரில் கண்டுபிடித்து எடுத்து, ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் செய்த பலகாரத்துக்கும் அநேகமாக இதே கதிதான், சீல் உடைக்காத பாக்கெட் என்றால் தப்பிக்கும். சைவச் சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் தருகிறார்கள். சாம்பாரை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஏறினவுடனே போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கரை மறைந்ததும் கப்பலின் சாட்டிலைட் டவர் தானாகப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் எதுவும் பேசாவிட்டாலும் பின்னால் ஓடுகிற வாட்ஸ்அப்பே பில்லைக் கிழித்துவிடும்.

முதல் நாள் போர்ட் கிளாங். அங்கே எங்கள் கப்பல் பகல் முழுக்க நின்றது, நாங்கள் இறங்கவில்லை. அங்கிருந்து கோலாலம்பூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல், மலாக்காவுக்கு இரண்டு மணி நேரம். போகவர வழியிலேயே பாதிப் பகல் கரைந்துவிடும். பினாங்கு அப்படி இல்லை. அங்கே கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனின் வாசற்படியிலேயே இருக்கிறது. இறங்கினால் ஊர்தான். அதனால் பினாங்கில் கப்பல்காரர்கள் விற்கிற பஸ் டூரை வாங்காதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு, பினாங்கு மலை ரயிலோ கெக் லோக் சி கோயிலோ கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் கப்பல் டூரிலேயே போங்கள். மலை ரயிலில் கூட்டம் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கப்பல் தன் டூரில் போனவர்களுக்குத்தான் காத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது.

இப்போது நேரம். முந்தின ராத்திரி அறைக்கு ஒரு தாள் வரும். அதில் இரண்டு நேரம் இருக்கும், ஒன்று கப்பல் கிளம்புகிற நேரம், இன்னொன்று எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம். உங்களுக்கு இரண்டாவதுதான் நேரம். எங்களுக்கு இறங்க 9.00, ஏற 5.00 என்று போட்டிருந்தது. அதே தாளில் துறைமுக ஏஜெண்டின் போன் நம்பர் இருக்கும், அதைக் கிழித்துச் சட்டைப்பையில் வையுங்கள். பாஸ்போர்ட்டையோ அதன் நகலையோ எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்றும் அதிலேயே சொல்லியிருப்பார்கள். கப்பல் போய்விட்டால் சிங்கப்பூர் வரை உங்கள் செலவில்தான் பறக்க வேண்டும்.

கடிகாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நேரம், நம்மைவிட இரண்டரை மணி முன்னால். புக்கெட் போகிற கப்பல் என்றால் தாய்லாந்தில் ஒரு மணி குறையும், ஆனால் கப்பல் தன் நேரத்தை மாற்றாமலும் இருக்கலாம். எந்த ஊரானாலும் கப்பல் நேரத்தையே கையில் கட்டிக்கொள்ளுங்கள். என் மச்சினன் சுகர் மாத்திரை போடுவதற்காக வாட்சை இந்திய நேரத்திலேயே வைத்திருந்தான். நாலு மணிக்கு நான், "மாப்ள, கிளம்பு" என்கிறேன். அவன் வாட்சைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், ஒன்றரைதான ஆகுது, அதுக்குள்ள விரட்டுறீங்க" என்கிறான். மூன்று பேரில் ஒருத்தன் கையில் இந்திய நேரம் இருந்தால் போதும், கப்பல் போய்விடும்.

சரி, இறங்கியாச்சு. முதல் ஆளாக இறங்குங்கள், காரணம் பின்னால் வருகிறது. துறையை விட்டு வெளியே வந்ததும் டாக்சிக்காரர்கள் சூழ்வார்கள். சிரித்துக்கொண்டே நடங்கள். கொஞ்ச தூரத்திலேயே ஒரு மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 வருஷம் ஆனதற்கு, 1897இல், வருஷத்துக்கு ஓர் அடியாக 60 அடி உயரத்துக்கு எழுப்ப ஏற்பாடானது. கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டின் வேலை என்கிறார்கள்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஆகஸ்ட் 11 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் பிரான்சிஸ் லைட் இந்தக் கரையில்தான் கொடியேற்றினான். கோட்டையில் பார்க்க அப்படி ஒன்றுமில்லை. சுவர், பீரங்கி, புல்தரை, அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேர் பீரங்கியோடு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நான் மட்டும் அங்கே அரை மணி உட்கார்ந்துவிட்டேன்.

காரைக்குடி லைனில் திருப்பத்தூரில் வண்டி நிற்கும். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர். 19 வருஷம் "திருப்பத்தூர், திருப்பத்தூர் எறங்கு" என்று கத்தியவன் நான். அந்தத் தூக்குக்கு அப்புறம், 1802 பிப்ரவரியில், சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் இன்னும் 72 பேரையும் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவுக்கு நாடுகடத்தினார்கள். சிவகங்கைச் சீமையை ஆண்ட வேங்கை பெரிய உடையணத் தேவரும் அதில் ஒருவர். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று வெள்ளைக்காரன் பேர் வைத்தது இந்தப் பினாங்குக்குத்தான். துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயது என்பார்கள். அந்தமானில் 1858இல் வந்த கைதிக் குடியிருப்புக்கு அரை நூற்றாண்டுக்கு முந்தின கதை இது. நாம் கேபின், பால்கனி, நீச்சல் குளம் என்று வந்த அதே கடல். கோட்டையில் இதைச் சொல்கிற பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. நம் பக்கத்து ஆட்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அங்கேயே உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

பத்தேகாலுக்கு எழுந்து தெற்கே நடந்தால் லிட்டில் இந்தியா. பினாங்குத் தெருவையும் குயின் தெருவையும் மார்க்கெட் தெரு குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பூக்கடை, பாத்திரக்கடை, புடவைக்கடை, ஸ்பீக்கரில் நம் பாட்டு. வீட்டுக்காரி, "இதுக்காங்க இம்புட்டுத் தூரம் வந்தோம், நம்ம விளக்குத்தூணுக்கே போயிருக்கலாமே" என்றாள். சொல்லிவிட்டு முக்கால் மணி ஒரே கடையில் நின்றாள்.

குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில், 1833இல் எழுந்தது. பினாங்கிலேயே பழைய இந்துக் கோயில். நம் ஊர் மாதிரியே மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதற்காகத்தான் முதல் ஆளாக இறங்கச் சொன்னேன். பினாங்குத் தெருவில் நகரத்தார் கோயில் வீடு இருக்கிறது. தைப்பூசத்துக்கு முருகனின் வெள்ளி ரதம் அங்கிருந்துதான் தண்ணீர்மலைப் பக்கம் போகும். காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலேற்றிய ரதம் என்று சொல்கிறார்கள். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க ஆசைப்பட்டால் போன் ஆப்பில் கூப்பிடும் கிராப் டாக்சி பிடிக்க வேண்டும், மேலே 513 படி. முட்டியைக் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள். எங்கள் மூவரின் ஆறு முட்டியும் வேண்டாம் என்றன.

பக்கத்திலேயே கப்பித்தான் கெலிங் மசூதி, 1801இல் தொடங்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் கட்டினது. தொழுகை நேரம் போக மற்ற நேரத்தில் உள்ளே விடுகிறார்கள். தலை, கை, கால் மூடின உடை வேண்டும், இல்லாதவர்களுக்கு அங்கி தருகிறார்கள். 'கெலிங்' என்பது கலிங்கத்திலிருந்து வந்த பழைய சொல். இப்போது அதை வைத்து யாரையும் கூப்பிட்டால் வசவு. மசூதிப் பெயரோடு விட்டுவிடுங்கள். சூலியா தெருவில் நாகூர் தர்கா ஒன்றும் இருக்கிறது. நாகூர் போய்வந்தவர்களுக்கு அதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் ஊர் குழம்பும்.

சாப்பாடு. அசைவக்காரர்கள் நாசி கண்டார் சாப்பிடாமல் வரக்கூடாது. நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் தூக்கும் காவடிக் கம்பு. தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு என்று கம்பில் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற சாப்பாடு. மீன், கோழி, ஆடு என்று எல்லாக் குழம்பையும் ஒரே சோற்றில் கலந்து ஊற்றுவார்கள். 'பஞ்சிர்' என்று சொன்னால் வெள்ளமாக விடுவார்கள். மச்சினன் இரண்டாம் தடவை கேட்டான். ஒன்றை மட்டும் கவனியுங்கள், குழம்புக்குக் காசில்லை, துண்டுக்குத்தான் காசு. கணவாயும் பெரிய இறாலும் கைகாட்டும் முன்னால் விலை கேட்டுவிடுங்கள். சைவத்துக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கிறது. நாங்கள் போனபோது மலேசிய ரிங்கிட் ஒன்றுக்கு இருபது ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டோம். கப்பலில் மாற்றாமல் அந்தக் கப்பித்தான் கெலிங் மசூதித் தெருவில் இருக்கும் நாணய மாற்றுக் கடைகளில் மாற்றுங்கள். தமிழிலேயே பேரம் பேசலாம்.

ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை வெயில் மண்டையைப் பிளக்கும், இல்லாவிட்டால் மழை கொட்டும். குடை இரண்டுக்கும் ஆகும். ஜார்ஜ் டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின ஊர். பழைய கடைவீடுகளின் முன்னால் தெரு நெடுக மூடின திண்ணை நடை உண்டு. அதிலேயே நிழலோடு நடந்து ஆர்மீனியத் தெருவுக்குப் போகலாம். சுவர் ஓவியங்கள் அங்கேதான், சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போகிற ஓவியத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள் நிற்கவில்லை. சீனர்களின் கூ கொங்சி குல மண்டபம் பக்கத்தில். டிக்கெட் உண்டு, மரச் செதுக்கலுக்காகவே கொடுக்கலாம்.

மூன்றரைக்குக் கடற்கரைப் பக்கம் திரும்பி சியூ படகுத்துறை. கடலுக்குள் மரக்கால் நட்டு, அதன்மேல் பலகை போட்டு, ஒரே குலத்துச் சீனர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். ஆட்கள் வாழ்கிற வீடுகள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். அங்கே பலகை முனையில் நின்று பார்த்தால் உங்கள் கப்பல் தெரியும். தெரிகிறதே என்று நினைக்காதீர்கள், நடந்தால் இருபது நிமிஷத்துக்குக் குறையாது. நாலு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். ஸ்கேனர் வரிசை, குடியேற்ற வரிசை எல்லாம் கடைசி அரை மணியில்தான் வீங்கும். நாங்கள் நாலு நாற்பதுக்குக் கப்பல் கார்டைத் தேய்த்து ஏறிவிட்டோம். ஐந்தே காலுக்கு மேல்தளத்திலிருந்து பார்க்கிறேன், இரண்டு பேர் துறையில் பையோடு ஓடி வருகிறார்கள். அன்றைக்கு ஏணியை எடுக்கவில்லை, ஏறிவிட்டார்கள். பழக்கதோஷம், என் கை பேனாவைத் தேடியது.

சிங்கப்பூரில் இறங்கும்போது அவசரத்தில் எல்லோரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு. அந்தத் துண்டுச் சீட்டைக் காட்டிக் கெட்டிலைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.