எம்.எஸ். ஆய்வில் எலி மாதிரிகள்: எங்கே சறுக்குகிறோம்?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) எலிகளுக்குத் தானாக வராது. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை உடலின் எதிர்ப்பு சக்தியே அரிக்கும் இந்த நோயை ஆராய, அதைப் போன்ற ஒன்றை ஆய்வகத்தில் வரவழைக்கத்தான் வேண்டும். அதிகம் பயன்படுவது ஈ.ஏ.இ. மாதிரி. மயலின் புரதத் துணுக்கை எண்ணெய்க் குழம்பில் கலந்து சுண்டெலியின் தோலடியில் போடுவார்கள். கூடவே கக்குவான் கிருமியின் நச்சும் செலுத்துவார்கள். 10, 12 நாளில் வால் தொய்ந்துவிடும். அப்புறம் பின்னங்கால் இழுக்கும்.

இதையே எம்.எஸ். என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுத்தபோது எலிகள் தேறின. அதே வழியில் வந்த லெனர்செப்ட் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான முடிவின்படி, மருந்து எடுத்தவர்களுக்கு நோய் அடிக்கடி தலைதூக்கியது. நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. புரதத் துணுக்கு மாதிரியில், எதிர்ப்பு சக்தியின் வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல்களுக்குப் பெரிய வேலை இல்லை. அதை மட்டும் பார்த்தவர் பி செல்களை ஒழிக்கும் மருந்தைத் தொட்டிருக்கவே மாட்டார். அந்த வகை மருந்தான ஒக்ரெலிசுமாப் 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, இன்று முன்னணி சிகிச்சைகளில் ஒன்றாக இருக்கிறது.

மருந்து தொடங்கும் நேரமும் முக்கியம். நோயை வரவழைக்கும் ஊசி போட்ட அன்றே தொடங்கினால் எலிக்கு நோய் வராமலே தடுக்கலாம். நோயாளி மருத்துவரிடம் வருவதோ கண் மங்கி, கால் மரத்த பிறகு. வால் தொய்ந்த பின் தொடங்கிய சிகிச்சையின் முடிவைத்தான் நான் நம்புவேன்.

குப்ரிசோன் மாதிரியில் சிக்கல் வேறு. குப்ரிசோன் ஒரு நச்சு வேதிப்பொருள். இதை 0.2 சதவீதம் தீவனத்தில் கலந்து 5, 6 வாரம் கொடுத்தால், மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பட்டையில் மயலின் அழியும். தீவனத்தை மாற்றினால் சில வாரங்களில் தானாகவே வளரும். மருந்து கொடுக்காத எலிகளை அதே நாளில் ஒப்பிட்டுப் பார்க்காமல் மயலினை மருந்துதான் வளர்த்தது என்று சொல்ல முடியாது. எலி தின்ற தீவனத்தையும் எடை போட வேண்டும். குறைவாகத் தின்றால் நஞ்சும் குறைவாகத்தான் உள்ளே போயிருக்கும், அந்தப் பலனை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

சரி, இனி? எப்ஸ்டைன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் அபாயம் 32 மடங்கு கூடுவதை, அமெரிக்க ராணுவத்தினரின் தரவை வைத்து 2022-இல் காட்டினார்கள். அந்த வைரஸ் எலியின் செல்களைத் தொற்றாது. அதனால் மனித எதிர்ப்புச் செல்களைப் பொருத்திய எலிகள் தேவைப்படுகின்றன. நோயாளியின் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்க்கும் குட்டி மூளைத் திசுவும் வந்துவிட்டது. வழக்கமாக அதில் ரத்தக் குழாயோ, எதிர்ப்பு வெள்ளணுவான டி செல்லோ இருப்பதில்லை. அதை மறந்து, எலிக்கு மாற்று கிடைத்துவிட்டது என்று அறிவிப்பது அடுத்த தவறு.

மெல்ல மெல்ல முற்றும் வகை எம்.எஸ்.-க்குத்தான் நல்ல மாதிரி இன்னும் பற்றாக்குறை. இரண்டு மாத எலிக்குப் பதிலாக வயதான எலிகளை வைத்தால் செலவும் காலமும் கூடும். மயலின் மீண்டும் வளர்வது வயதோடு மந்தமாவதால், அந்தச் செலவைச் செய்தே ஆக வேண்டும்.