பல ஹெட்போன்கள் எப்போது சேகரிப்பாகின்றன? தொடக்கநிலையாளருக்கு ஒரு செய்முறை விளக்கம்

வீட்டில் நான்கைந்து ஹெட்போன்கள் சேர்ந்துவிட்டாலே அவற்றின் உரிமையாளரைச் சேகரிப்பாளர் என்று மற்றவர்கள் கேலி பேசத் தொடங்கிவிடுவார்கள். எண்ணிக்கையை வைத்து இதை முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போக ஒன்று, ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் அழைப்புகளைப் பேச மைக் வைத்த ஒன்று, காலை நடைக்கு ஒன்று, வீட்டார் உறங்கிய பிறகு பாட்டுக் கேட்க ஒன்று என்று நான்கு வைத்திருப்பவர் பயனாளர் மட்டுமே. பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 புரோ என்ற மாடலின் 80 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) வடிவத்தை ஏற்கெனவே வைத்திருந்தும், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும் என்று நன்றாகத் தெரிந்தும், அதன் 250 ஓம் வடிவத்தையும் தேடிப் போகிறவரிடம் இரண்டே இருந்தாலும் சேகரிப்பு தொடங்கிவிட்டது. புதிதாக வருவது, முன்பே இருப்பதோடு வைத்துப் பார்ப்பதற்காக வரத் தொடங்கும் இடம்தான் எல்லைக்கோடு.

இந்த இரண்டுக்கும் நடுவில் குவியல் என்று ஒரு நிலை உண்டு. தள்ளுபடி விற்பனையில் மலிவாகக் கிடைத்தது, போனோடு இலவசமாக வந்தது, பழையது கெட்டதா இல்லையா என்று பார்க்காமலே வாங்கிய புதியது என எல்லாம் ஒரே இழுப்பறையில் கிடக்கும் நிலை அது. பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிப்பதற்கும், சேகரிப்பு என்று தெரிந்தால் அதை ஒழுங்காக நடத்துவதற்கும் கீழ்க்கண்ட படிகள் உதவும்.

முதல் படி: எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பதிவேடு எழுதுங்கள்

அலுவலகப் பை, பீரோ, பரண், காரின் டேஷ்போர்டு என எங்கெங்கு இருக்கின்றனவோ அங்கிருந்தெல்லாம் எடுத்து ஒரு மேசையில் பரப்புங்கள். பிறகு ஒரு நோட்டிலோ கணினி அட்டவணையிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி ஒதுக்கி, மாடலின் பெயர், வாங்கிய ஆண்டும் விலையும், இம்பீடன்ஸ் (ஓமில் சொல்லப்படும் மின்தடை), கேபிளைக் கழற்ற முடியுமா, காதில் படியும் மெத்தையான இயர்பேட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது ஆகியவற்றைக் குறியுங்கள். கடைசிக் கட்டத்தில், அந்த ஹெட்போன் ஏன் உங்களிடம் இருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். மற்ற விவரங்கள் பெட்டியின் மீதே அச்சாகி இருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை நீங்கள்தான் யோசித்து எழுத வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பதிவேடே.

இரண்டாம் படி: காரணங்களைப் பிரித்துப் பாருங்கள்

இப்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து, இந்த ஹெட்போன் நாளை இல்லாமல் போனால் என்ன நின்றுபோகும் என்று கேளுங்கள். பயணமோ, அலுவலக அழைப்போ, உடற்பயிற்சியோ நின்றுபோகும் என்றால் அது கருவி. எந்த வேலையும் நிற்காது, ஆனால் இன்னொரு ஹெட்போனைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைந்துபோகும் என்றால் அது சேகரிப்பின் உறுப்பு. எதுவுமே நிற்காது என்றால் அது குவியலைச் சேர்ந்தது. அதைத் தனியே ஒரு பையில் போட்டு வையுங்கள், கடைசிப் படியில் அதற்கு வேலை இருக்கிறது. ஒரே ஹெட்போன் கருவியாகவும் சேகரிப்பின் உறுப்பாகவும் இருக்கலாம் என்பதில் குழப்பமில்லை.

மூன்றாம் படி: ஒலியளவைச் சமன்செய்து ஒப்பிடுங்கள்

ஒப்பிடுவதற்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று சொல்பவர் முறையாக ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இது. இரண்டு ஒலிகளில் சற்றே உரத்து ஒலிப்பதைக் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும். அந்த வேறுபாடு மிகச் சிறியதாக இருக்கும்போது உரத்தது எது என்று நமக்குத் தெரிவதும் இல்லை, தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது என்றுதான் தோன்றும். முன்பு சொன்ன இரண்டு டிடி 770 புரோக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். போனோடு ஹெட்போனை இணைக்கும் சிறு கருவியான டாங்கிள் ஒன்றில், 1 வோல்ட் தரும் வகையில் செருகினால், வோல்டேஜின் வர்க்கத்தை இம்பீடன்ஸால் வகுக்கும் கணக்கின்படி, 80 ஓம் வடிவத்துக்கு 12.5 மில்லிவாட்டும் 250 ஓம் வடிவத்துக்கு 4 மில்லிவாட்டும் போகும். வால்யூமைத் தொடாமல் ஒன்றைக் கழற்றி மற்றொன்றைச் செருகினால் 250 ஓம் வடிவம் ஏறத்தாழ 5 டெசிபல் அமுங்கிக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு 80 ஓம்தான் சிறந்தது என்று தீர்ப்பு எழுதுபவர் உண்மையில் தம் வால்யூம் பொத்தானுக்குத்தான் மதிப்பெண் போடுகிறார்.

சமன்செய்ய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு தடித்த அட்டையில் போனின் மைக் அளவுக்குத் துளையிட்டு, துளைக்கு அடியில் மைக் வரும்படி வைத்து, அட்டையின்மேல் இயர்பேடை இடைவெளியின்றி அழுத்தி வைத்து, பிங்க் நாய்ஸ் எனப்படும் சீரான இரைச்சலை ஓட விட்டு, போனில் உள்ள ஒலி அளக்கும் செயலி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஹெட்போனிலும் அதே எண் வரும்வரை வால்யூமை மாற்றுங்கள். செயலி காட்டும் எண் துல்லியமான டெசிபலாக இருக்காது. ஆனால் இரண்டையும் ஒரே அட்டையில் ஒரே மைக்கால் அளப்பதால் இந்த ஒப்பீட்டுக்கு அது போதும்.

பிறகு கேளுங்கள். நம் ஊர்க் காதுக்குக் கச்சேரிப் பதிவைவிட நல்ல சோதனைப்பொருள் கிடைப்பது அரிது என்பேன். தம்புரா மாறாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதால் அதன் மேல்சுரங்கள் ஒரு ஹெட்போனில் மின்னுவதும் மற்றொன்றில் மங்குவதும் சில நொடிகளில் தெரிந்துவிடும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி எவ்வளவு ஆழத்தில் ஒலிக்கிறது, வலப்பக்கமான வலந்தலையின் சாப்பு எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்பவை தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் ஒரே வாத்தியத்தில் காட்டிக்கொடுக்கும். காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் மூடப்படாத, முதுகு திறந்த வகை ஹெட்போன்களை ஒப்பிடும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அவை வெளிச்சத்தத்தைத் தடுப்பதில்லை என்பதால், வடபழனியில் பிரதான சாலையை ஒட்டிய வீட்டில் மாலை ஏழு மணிக்கு அவற்றைக் கேட்பது நியாயமான சோதனை ஆகாது. விடியற்காலை நல்ல நேரம். ஒப்பிடும் மும்முரத்தில் ஒலி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும் என்பதையும் நினைவில் வையுங்கள்: பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

இந்தப் படியின் முடிவில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை என்றால் பதிவேட்டில் அதையும் எழுதுங்கள். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். தவிர, அடுத்த வாங்குதலுக்கான பணத்தை மிச்சப்படுத்தும் கண்டுபிடிப்பு.

நான்காம் படி: ஓர் இழையைத் தேர்ந்தெடுங்கள்

நல்ல ஹெட்போன்களையெல்லாம் சேர்க்கிறேன் என்பது திட்டம் ஆகாது. அதற்கு முடிவும் கிடையாது, ஒழுங்கும் கிடையாது. எது உள்ளே வரும், எது வராது என்று சொல்லக்கூடிய ஓர் இழை வேண்டும்.

ஒரே குடும்பத்தின் வளர்ச்சியைப் பின்தொடர்வது எளிய தொடக்கம். சென்ஹைசர் நிறுவனத்தின் எச்டி 600 என்ற மாடல் 1997இல் வந்தது. 2003இல் எச்டி 650, 2017இல் எச்டி 660எஸ் என்று அந்த வரிசை நீண்டது. முதல் இரண்டும் 300 ஓம், மூன்றாவது 150 ஓம். தோற்றத்தில் அண்ணன் தம்பிகள் போல இருக்கும் இவற்றில் ஒவ்வொரு தலைமுறையிலும் பொறியாளர்கள் எதை மாற்றினார்கள், எதைத் தொடவே இல்லை என்பதைக் காதாலேயே படிக்கலாம். இயர்பேட், கேபிள் போன்ற உதிரிகள் தனித்தனியே கிடைப்பதால் இவற்றைப் பல ஆண்டுகள் வைத்திருக்கவும் முடியும்.

இன்னொரு இழை காலவரிசை. அமெரிக்காவின் மில்வாக்கியில் ஜான் கோஸ் 1958இல் கொண்டுவந்த ஸ்டீரியோ ஹெட்போன், திறந்த வகையைப் பரவலாக்கிய 1968ஆம் ஆண்டின் சென்ஹைசர் எச்டி 414, 1979இல் முதல் வாக்மேனோடு வந்த சோனியின் மெல்லிய ஹெட்போன், 1984இல் வந்து இன்றும் விற்பனையாகும் கோஸ் போர்ட்டா புரோ என்று போனால், மனிதர்கள் இசையை எங்கே உட்கார்ந்து, பிறகு எங்கே நடந்துகொண்டு கேட்டார்கள் என்பதே தெரியவரும். இவற்றில் வாக்மேன் காலத்து ஹெட்போன்களுக்குச் சென்னையில் ஒரு தனித்தொடர்பு உண்டு. எண்பதுகளில் சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த உறவினர் கொடுத்ததும், பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியதும் இன்னமும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. விலை கொடுத்து எங்கும் தேடுவதற்குமுன் பெரியப்பா வீட்டில் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். பஞ்சு பொடிந்து போயிருக்கும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்; பஞ்சு மாற்றக்கூடியது.

புளூடூத் வகையை இழையாகக் கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. காதுக்குள் செருகும் சிறிய வகைகளில் பேட்டரி ஒட்டி மூடப்பட்டிருப்பதால், சில ஆண்டுகளில் அதன் ஆயுளோடு கருவியின் ஆயுளும் முடிந்துவிடுகிறது. பயன்படுத்துவதற்கு அவை மிக வசதியானவை. சேர்த்து வைப்பதற்கு ஏற்றவை அல்ல.

ஐந்தாம் படி: கையில் எடுத்துச் சோதித்து வாங்குங்கள்

பழைய ஹெட்போன் வாங்கும்போது உங்கள் போன், டாங்கிள், உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். முதலில் ஒலியை மோனோவாக்கி, அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலி போகும்படி செய்து, குரல் நடுவில் நிற்கிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒலியை எழுப்பும் பகுதியான டிரைவரிலோ கேபிளிலோ கோளாறு இருக்கிறது. பிறகு 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் ஒலியை ஓட விடுங்கள். கரகரப்பு கேட்டால் உள்ளே தலைமுடி புகுந்திருக்கலாம், அல்லது டிரைவர் சேதமடைந்திருக்கலாம். கேபிளை, போனில் செருகும் பின்னுக்கு (ஜாக்) அருகிலும் காதுக் கிண்ணத்தருகிலும் அசைத்துப் பாருங்கள். இயர்பேட் உரிந்திருந்தால் தயங்க வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேபிள், பின், சாலிடரிங் வேலை ஆகியவற்றுக்குச் சென்னையின் மின்னணுப் பொருள் கடைத்தெருவான ரிட்ச்சி தெரு போதுமானது. ஆனால் பெயர்பெற்ற மாடல் ஒன்று நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கிறது என்றால், எந்தக் கடைத்தெருவாக இருந்தாலும், பில்லும் வரிசை எண்ணும் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஆறாம் படி: ஈரத்திலிருந்தும் வெப்பத்திலிருந்தும் காப்பாற்றுங்கள்

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் பராமரிப்புக் குறிப்புகள் நம் ஊருக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. இயர்பேடுகளின் செயற்கைத் தோலும் உள்ளே இருக்கும் பஞ்சும் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனவை. அது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து மெல்லச் சிதையும். பயன்படுத்தாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் இது நடக்கும் என்பதால், பேடைத் தேயும் பொருளாகவே கருதி, உங்கள் மாடலுக்கு மாற்றுப் பேடு கிடைக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை கேட்ட பிறகும் வியர்வையை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, சற்று நேரம் காற்றாட விட்டபின் உள்ளே வையுங்கள்.

நன்றாக மூடும் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அவசியம். நிறம் மாறும் வகை ஜெல்லை வாங்கினால் எப்போது உலர்த்த வேண்டும் என்று தானே சொல்லிவிடும். மொட்டைமாடியை ஒட்டிய பரணில் ஏப்ரல், மே மாத வெப்பம் பசையையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும். பீரோவின் கீழ்த்தட்டு மேலானது. அந்துருண்டையை அதே தட்டில் போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளைப் பாதிக்கும். பேட்டரி உள்ளவற்றைப் பாதி சார்ஜில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கேபிளைத் தலைப்பட்டையில் இறுக்கிச் சுற்றாமல் தளர்வான வளையமாக மடியுங்கள்.

ஏழாம் படி: குவியலை அனுப்பிவிடுங்கள்

இரண்டாம் படியில் ஒதுக்கி வைத்த பையை இப்போது எடுங்கள். வேலை செய்பவற்றைத் துடைத்து, பேடு மாற்றி, ஆன்லைன் வகுப்புக்கு ஹெட்போன் தேவைப்படும் மாணவருக்கோ உறவினருக்கோ கொடுக்கலாம். விற்பதாக இருந்தால் குறைகளைச் சொல்லியே விற்கலாம். கெட்டுப்போன புளூடூத் வகைகளில் லித்தியம் பேட்டரி இருப்பதால், அவற்றை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் மின்கழிவு பெறுமிடத்தில் ஒப்படையுங்கள். அனுப்பியவற்றின் வரியைப் பதிவேட்டிலிருந்து அழிக்காமல், போன தேதியையும் யாரிடம் போனது என்பதையும் அருகில் எழுதி வையுங்கள். அதே மாடலை மறுபடியும் வாங்கக் கை நீளும்போது அந்த வரி பயன்படும்.